திருவொற்றியூரில் வண்டிக்கும் வீட்டுக்கும் ஆகும் துருச் செலவு: எது கடலால், எது நம் கையால்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். திருவொற்றியூரில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் 1998-ல் கட்டிய சொந்த வீடு. ஆறு வருடம் ஓடிய 125 சிசி பைக் ஒன்று, ஸ்கூட்டர் ஒன்று. போன வருடம் சமையலறை சீலிங் பெயர்ந்து விழுந்தது, மேஸ்திரியை வைத்துப் பூசினீர்கள். இந்த வருடம் அதை ஒட்டியே ஓரடி தள்ளி மறுபடி விழுந்திருக்கிறது. ஏசிக்கு இரண்டு கோடையாக கேஸ் நிரப்பியிருக்கிறீர்கள். பைக்கில் சைலன்சர், செயின், கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்தின் பேரிங்), பேட்டரி என்று மாறி மாறிச் செலவு. கேட்டால் மெக்கானிக் "கடலோர ஏரியா, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். இவர்கள் ஏமாற்றுகிறார்களா, இங்கே குடியிருந்தால் இவ்வளவு ஆகத்தான் செய்யுமா, விற்றுவிட்டு மாதவரம் பக்கம் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வேலைக்கு என்ன விலை என்பது உங்கள் கேள்வி இல்லை. இந்தச் செலவில் கடலின் பங்கு எவ்வளவு, அரைகுறை வேலையின் பங்கு எவ்வளவு, இது எப்போதாவது நிற்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். மணலியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். குழாய், டேங்க், இரும்புச் சட்டம், அவற்றைத் தாங்கும் கான்கிரீட் அடித்தளம் எல்லாவற்றிலும் துரு எங்கே தொடங்குகிறது, எப்படி நிறுத்துவது என்று பார்ப்பதுதான் அங்கே என் வேலை. குடியிருப்பது தண்டையார்பேட்டையில், அதனால் உங்கள் வீட்டுக்கு அடிக்கிற அதே காற்றுதான் எங்கள் வீட்டுக்கும். ஆனால் ஒரு ஸ்லாப் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் செய்ய வேண்டியது. உங்கள் வீட்டை நான் நேரில் பார்க்கவும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

முதலில் கடலின் பங்கு. கடல் காற்றில் வருவது வெறும் சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். அதாவது உங்கள் வண்டி மேலும் ஜன்னல் கம்பி மேலும் படிந்த உப்பு, மழையே இல்லாத மே மாதத்திலும் மெல்லிய ஈரப் படலமாகவே இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். உப்பு இரண்டு வேலை செய்கிறது: தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, துரு ஓடும் வேகத்தையும் கூட்டுகிறது. இதில் சந்தேகமே இல்லை.

தூரமும் முக்கியம். அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் உப்புப் படிவு மிக அதிகம், அப்புறம் வேகமாகக் குறையும். நீங்கள் அரை கிலோமீட்டரில் இருப்பதால் கடலை ஒட்டிப் போகும் எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே ஓரத்து வீடுகளைவிட நிலைமை தேவலை. ஆனாலும் உங்கள் மொட்டை மாடிக்கும் கடலுக்கும் நடுவே உயரமான கட்டடம் இல்லை என்றால் அந்தச் சலுகை குறையும். போதாததற்குக் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. புழுதியும் உப்பும் சேர்ந்து அப்பிய இடம் லேசில் காயாது. மணலி, எண்ணூர் பக்கத்துப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடும் இரும்பை அரிக்கும். அது உப்போடு சேர்ந்தால் இன்னும் மோசம் என்பதும் உறுதியான விஷயம். உங்கள் தெருவில் எத்தனை பங்கு உப்பு, எத்தனை பங்கு புகை என்று பிரித்துச் சொல்ல அங்கேயே அளந்து பார்க்க வேண்டும். பிரித்துத் தெரிந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறப் போவதில்லை, அதனால் அதை விட்டுவிடலாம்.

இனி வண்டி. இங்கே நான் பார்த்தவரை பெரிய தவறு வாட்டர் வாஷில் நடக்கிறது. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய பல போர்வெல்களில் தண்ணீர் உப்பு. வாட்டர் சர்வீஸ் கடைகள் பெரும்பாலும் போர் தண்ணீரைத்தான் அடிக்கின்றன, மெட்ரோ வாட்டரை அதற்குச் செலவழிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. உப்பைக் கழுவுவதாக நினைத்துப் பணம் கொடுத்து, அழுத்தத்தோடு உப்புத் தண்ணீரை பேரிங்குக்குள்ளும் ஒயர் கனெக்டருக்குள்ளும் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் அங்கே போகாதீர்கள். வீட்டில் ஒரு பக்கெட் மெட்ரோ வாட்டரும் ஒரு பழைய துணியும் போதும். பளபளவென்று தெரியும் பெட்ரோல் டேங்க்கைவிட மட்கார்டின் உள்பக்கம், செயின் கவருக்கு அடியில், ஸ்டாண்ட் ஸ்பிரிங், சைலன்சரின் அடிப்பாகம் ஆகியவற்றைக் கழுவுங்கள். மழையில் நனைந்ததால் வண்டி சுத்தமாகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. மழை மேல்பக்கத்தைத்தான் கழுவும். மழை படாத, உப்பு மட்டும் படியும் மறைவிடங்களில்தான் துரு முதலில் வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று நேராகக் கடலிலிருந்து அடிக்கும், அப்போது வாரம் ஒருமுறை இப்படிக் கழுவினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கழுவியதும் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் அடைந்து நிற்கும். காற்றோட்டமான ஷெட் நல்லது, இல்லையென்றால் துணிக் கவர்.

சைலன்சர் ஆறு வருடத்தில் போனது கடலால் மட்டும் இருக்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. வண்டி நன்றாகச் சூடானால் அது வெளியே போய்விடும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடாவதற்குள் இறங்கிவிடுகிறோம், தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அதற்குப் பயன் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது விம்கோ நகரிலிருந்து பாரிமுனை வரைக்கும் போய் வருவது போல ஒரு நீளமான ஓட்டம் கொடுங்கள்.

செயினும் கோன் செட்டும் இங்கே சீக்கிரம் தேயும் என்று உங்கள் மெக்கானிக் சொன்னது நியாயமான பேச்சுதான். ஆனால் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கோன் செட் உண்மையிலேயே போயிருந்தால் அதன் கிண்ணத்தில் உருண்டைகள் பதிந்த பள்ளங்கள் விரலுக்கே தட்டுப்படும். பேட்டரி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது டெர்மினலையும் எர்த் ஒயர் சேஸியோடு சேரும் போல்ட்டையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டிய பின் வாசலின் தடவுவது. உப்புக் காற்றில் அந்த இணைப்புகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக்கொள்ளும், கரண்ட் போகாது. அதைச் செய்யாமலும், வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்காமலும் புதுப் பேட்டரி மாட்டியிருந்தால் நீங்கள் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீணாகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருந்தால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையவை, அந்த ஈரம் உள்ளே போய், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைக்கும். இது சிறிய செலவு, உயிர் சம்பந்தப்பட்டது, ஆனால் சர்வீஸ் பில்லில் நான் மிக அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

டெஃப்ளான் கோட்டிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பெயின்ட்டின் மேல் போடும் ஒரு பாலிஷ். பெயின்ட் பளபளக்கும், அவ்வளவுதான். துரு வருவது பெயின்ட் இல்லாத வெல்டிங் ஓரத்திலும் கீறலிலும், அங்கே அது எதுவும் செய்யாது. அடிப்பகுதிக்கு டீசல் அடிப்பதும் வேண்டாம், ரப்பர் புஷ்களை அது ஊற வைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலால் டேங்க் உள்ளே துரு வருகிறதா என்பதில் மட்டும் நான் உறுதியாகப் பேச மாட்டேன். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் என்பது நிச்சயம். வண்டி பல வாரம் பாதி டேங்க்கோடு நின்றால் அது தொந்தரவு தரக்கூடும். தினமும் ஓடும் வண்டியில் அது எவ்வளவு பெரிய காரணம் என்பதை ஒரு டேங்க்கின் துருவைப் பார்த்து யாராலும் சொல்லிவிட முடியாது. சொல்பவர் புது டேங்க் விற்பவராக இருந்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

இப்போது சீலிங். உங்கள் பணமும் பாதுகாப்பும் உண்மையில் சிக்கியிருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் தானாகவே உருவாகி, துருவைத் தடுத்து நிற்கும். கடல் காற்றின் குளோரைடு பல வருடங்களில் மெல்ல உள்ளே ஊறி அந்தப் படலத்தை உடைக்கிறது. எத்தனை வருடத்தில் உடையும் என்பது கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது, அது எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழலில் சேர்த்து, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. உப்புக் காற்று நேராகப் படாமல் மறைவாக இருந்தால் 30 மில்லிமீட்டர், எம் 25. உங்கள் வீடு 1998-ல் கட்டியது. அப்போது நடைமுறையில் இருந்த 1978 பதிப்பில் சாதாரண ஸ்லாப்புக்கு 15 மில்லிமீட்டர் மூடலே போதுமானதாக இருந்தது. சென்ட்ரிங் பலகை மேல் கம்பியைக் கட்டி, கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல், ஆட்கள் மிதித்து நடந்து போட்ட ரூஃபில் அந்த 15-கூட எல்லா இடத்திலும் இருந்திருக்காது. அதனால் கிட்டத்தட்ட முப்பது வயதாகப் போகும் வீட்டில் கம்பி துருப்பிடிப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் கீழே இருக்கும் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது.

சரி, பூசிய இடம் நன்றாக இருக்க, அதற்குப் பக்கத்தில் ஏன் விழுந்தது? உங்கள் மேஸ்திரி ஏமாற்றவில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே கம்பியில் ஓரிடம் துருப்பிடிக்கும்போது, அந்த இடம் தன்னைக் கொடுத்துப் பக்கத்துப் பகுதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, ஒரு பேட்டரியின் ஒரு முனை கரைவது போல. நீங்கள் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து உப்பில்லாத புதுக் கலவையால் மூடியதும் அது கரைவது நின்றுவிடுகிறது. ஆனால் ஓரடி தள்ளி இருக்கும் பழைய கான்கிரீட்டில் அதே அளவு உப்பு இருக்கிறது. இதுவரை காப்பாற்றப்பட்ட அந்தப் பகுதி இப்போது தானே கரையத் தொடங்குகிறது. இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பூசிய பூச்சு கெட்டியாகவே இருக்கும், அதன் விளிம்பை ஒட்டித்தான் மறுபடி வெடிக்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். ஆகவே விழுந்த இடத்தை மட்டும் பூசுவதற்கு இன்னொரு முறை பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் வருடா வருடம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது இது. முதலில் அந்தச் சமையலறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியோ, பாத்ரூமோ, விரிசல் விட்ட தட்டோடோ இருந்தால் அந்தக் கசிவை நிறுத்தாமல் கீழே எந்த வேலையும் செய்ய வேண்டாம். பிறகு ஒரு சின்னச் சுத்தியலால் சீலிங் முழுவதையும் தட்டிப் பாருங்கள், இந்த ஓர் அறையோடு நிறுத்தாமல் எல்லா அறையிலும். தட்டும்போது தலைக்கு மேலே நேராக நிற்க வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கெட்டியான இடத்தில் 'டங்' என்று கேட்கும். பொள்ளலாக ஒலிக்கும் இடம் ஏற்கெனவே கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டால் உங்கள் வீட்டு நிலைமை ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொள்ளல் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் என்றால் அனுபவமுள்ள ரிப்பேர் ஆள் போதும். ஸ்லாப்பில் கால்வாசிக்கு மேல் என்றாலோ, பீமிலோ தூணிலோ கம்பி ஓடும் திசையில் நீள விரிசல் தெரிந்தாலோ, மேஸ்திரியோடு முடிக்காதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துவிட்டு அப்புறம் செலவைப் பற்றி யோசியுங்கள். 'கால்வாசி' என்பது நான் வேலையில் வைத்துக்கொண்ட எல்லை, விதிப் புத்தகத்தில் இருப்பது இல்லை. பீம், தூண் விஷயத்தில் அந்த எல்லைகூடக் கிடையாது, ஒரு விரிசல் போதும்.

ரிப்பேர் என்றால் என்ன நடக்க வேண்டும்? ஸ்லாப்புக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கெட்ட கான்கிரீட்டை வெட்ட வேண்டும். துருப்பிடித்த கம்பி முடிந்து துருவில்லாத கம்பி தெரியும் வரைக்கும், அதற்கும் கொஞ்சம் தள்ளியும் வெட்ட வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பூசினால் பின்பக்கத் துரு அப்படியே வளரும். கம்பியைச் சுற்றிலும் கம்பி பிரஷ்ஷால் இரும்பு நிறம் தெரியும்வரை தேய்த்து, கம்பியின் விட்டத்தை அளக்க வேண்டும். ஸ்லாப்பில் போடும் 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகியிருந்தால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவில் கணக்குப் பார்த்தால் அது 23 சதவீத இழப்பு. அந்த அளவுக்கு வந்துவிட்டால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பிறகு கம்பிக்குத் துத்தநாகம் நிறைந்த பிரைமர், பழைய கான்கிரீட்டில் ஒட்டுவதற்கான பூச்சு, அதன் மேல் பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை. இவை எல்லாம் பாரிமுனை கட்டுமானக் கடைகளில் கிடைக்கும் பொருட்கள்தான். கலவைக்கும் நனைப்பதற்கும் போர் தண்ணீரைத் தொடவே கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அதே ஐ.எஸ். 456 சொல்கிறது. நாக்கில் நன்றாகக் கரிக்கும் தண்ணீர் இந்த அளவைத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சுத்தமாகக் கம்பியைத் தேய்த்துவிட்டு உப்புத் தண்ணீரில் கலவை போடுவதை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன். இரண்டு குடம் மெட்ரோ வாட்டர் செலவில் தவிர்க்கக்கூடிய அழிவு அது.

பக்கத்து இடம் மறுபடி வெடிக்காமல் இருக்க, வெட்டிய இடத்தின் ஓரத்தில் கம்பியோடு சேர்த்துக் கட்டும் துத்தநாகத் துண்டுகள் இருக்கின்றன. கம்பிக்குப் பதிலாக அவை கரையும். வேலை செய்யும் முறை என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் விலை அதிகம். ஓர் அறைக்காகச் செய்வதா என்பதை இன்ஜினியரோடு பேசி முடிவு செய்யுங்கள். கான்கிரீட் மேல் தடவினால் உள்ளே இறங்கிக் கம்பியைக் காக்கும் என்று விற்கப்படும் திரவங்களைப் பற்றி அவ்வளவு நம்பிக்கையோடு பேச முடியாது. சோதனைகளில் முடிவுகள் இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. உப்பு ஏற்கெனவே கம்பிவரை போய்விட்ட ஸ்லாப்பில் அதை மட்டும் நம்பிப் பணம் போட மாட்டேன். இன்ஜினியர் வந்தால் அரை மின்கலச் சோதனை, அதாவது உள்ளே இருக்கும் கம்பியின் மின்னழுத்தத்தைக் கான்கிரீட்டின் மேலிருந்தே அளக்கும் சோதனை, செய்யச் சொல்லலாம். காப்பர் சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே துரு ஓடிக்கொண்டிருப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. வெளியே நன்றாகத் தெரியும் இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லிவிடும்.

சுவரில் உப்பு பூப்பது இதைவிடச் சின்ன விஷயம், ஆபத்தும் குறைவு. தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை மட்டும் என்றால் ஓதம் கீழேயிருந்து ஏறுகிறது. மேலேயிருந்து இறங்கினால் எங்கோ கசிவு. ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அந்த நிலையில் மேலே பட்டி பார்த்து வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் தண்ணீர் இன்னும் உயரே ஏறி அங்கே பூக்கும். பூத்த உப்பைக் கழுவாமல், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துப் பெருக்கி வெளியே கொட்டுங்கள். பெயின்ட் வேலையைப் பொங்கல் முடிந்து சுவர் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்றாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் சுண்ணாம்புக் காரையில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளியே விட்டே நூறு வருடம் நின்றவை. அவற்றின் மேல் சிமென்ட் பூசுவது ஈரத்தை உள்ளே அடைத்து, செங்கல்லையும் தேக்கு உத்தரத்தையும் உளுத்துப்போக வைப்பதாகும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் காத்திருங்கள்.

கேட், கிரில் மாற்றும்போது கடைக்காரர் 304 எவர்சில்வர் என்று சொன்னால், கடலோரத்தில் 304-லும் பழுப்புப் புள்ளிகள் வரும் என்று தெரிந்து வாங்குங்கள். 316 தாங்கும், விலை கூடுதல். மலிவான 202-ஐ 304 என்று விற்பதும் நடக்கிறது. காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவார்கள், அது எதையும் நிரூபிக்காது, 202-லும் காந்தம் ஒட்டாது. சாதாரண இரும்பை நன்றாகத் தேய்த்து, இரண்டு கோட் பிரைமர் அடித்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிப்பது பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். துருவின் மேலேயே பெயின்ட் அடிக்க விடாதீர்கள்.

ஏசி விஷயத்தில் மட்டும் பணம் வீணானது என்று தயங்காமல் சொல்வேன். ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போவது கிடையாது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றும். இரண்டு கோடையாகக் குறைந்தது என்றால் ஓட்டை இருக்கிறது, ஓட்டையை அடைக்காமல் நிரப்பியிருக்கிறார்கள். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்குவம் செய்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாதவருக்கு மூன்றாம் முறை பணம் கொடுக்காதீர்கள். வெளியே இருக்கும் யூனிட்டின் காயிலைக் கோடையில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் ஓட்டை விழுவது தள்ளிப்போகும். உங்கள் வீடு கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரம் என்றால் அந்த வாடையில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கருக்கும். காயில் கருத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வேலையானாலும் ஜிஎஸ்டி பில்லும் கழற்றிய பழைய பாகமும் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதில் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஏசி விஷயத்தில் உங்களிடம் பில் இருந்தால் நிச்சயம் முயலுங்கள். வாயால் பேசி முடித்த மேஸ்திரி வேலையில் வழக்கு நிற்பது கஷ்டம். இந்த முறை என்ன வெட்டப்படும், என்ன பொருள் போடப்படும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இன்னொன்று, வண்டி இன்சூரன்ஸ். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளைப் பலர் அடுத்த நாளே ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்து அது சேதமானால் சாதாரண முழு பாலிசியில் பணம் வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். மூழ்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டே போங்கள், ஆயிலை இறக்கிப் பார்த்துப் பால் போல இருந்தால் மாற்றிய பிறகுதான் சாவி போட வேண்டும்.

வீட்டை விற்பது பற்றி. சுத்தியலால் தட்டிப் பார்த்துப் பொள்ளல் ஓரிரு அறையில்தான் என்றால் நான் விற்க மாட்டேன். முறையாக ஒருமுறை ரிப்பேர் செய்ய ஆகும் பணம், பதிவுச் செலவையும் புது வீட்டு விலை வித்தியாசத்தையும் விட மிகக் குறைவாகவே இருக்கும். பீமும் தூணும் கெட்டிருந்தால் இன்ஜினியர் சொல்லும் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்விக்கே பதில் தேட முடியும், அதுவரை அந்தச் சமையலறையில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். மாதவரத்தில் உப்புக் காற்று குறைவு என்பது உண்மைதான். அங்கே ஏரியை ஒட்டிய தாழ்வான மனைகளில் மழைத் தண்ணீர் தேங்கும் தொல்லை இருக்கிறது. அப்படிப் போவதாகவே முடிவு செய்தால், நவம்பர் மாதத்தில் கனமழை பெய்த மறுநாள் அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள், பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.